உடல் நலப் பகுதி: விடாத காய்ச்சலும் விடை தராத ரத்தமும்

நமது இருதயத்தில் நான்கு வால்வுகள் உள்ளன. ரத்தம் முன்னே செல்ல வழிவிட்டு, பின்னே திரும்பாதபடி தடுக்கும் கதவுகள் அவை. இளமையில் வந்த ரூமாட்டிக் காய்ச்சலால் வடுப்பட்ட வால்விலும், செயற்கை வால்விலும், சில வேளைகளில் பழுதற்ற வால்விலுங்கூடக் கிருமிகள் ஒட்டிக்கொண்டு பெருகுவதுண்டு. இந்நோய்க்கு எண்டோகார்டைடிஸ் என்று பெயர்.

விட்டு விட்டு வரும் காய்ச்சல், இரவில் வியர்வை, பசியின்மை, உடல் மெலிவு ஆகியவை இதன் குறிகள். டைபாய்டு என்றோ, க்ஷயம் என்றோ எண்ணி வாரக்கணக்கில் ஏமாந்திருக்க இடமுண்டு. அதற்குள் வால்வு அரிக்கப்படலாம். அதில் திரண்ட துணுக்கொன்று பெயர்ந்து மூளையை அடைந்து பக்கவாதத்தை விளைவிக்கலாம். பென்சிலின் வருமுன் இந்நோய் கண்டவர் பிழைத்தல் அரிது. இன்றோ பல வாரங்கள் ரத்தக் குழாய் வழியே மருந்து செலுத்திக் குணப்படுத்துகிறார்கள். வேண்டுமாயின் அறுவைச் சிகிச்சையும் செய்கிறார்கள்.

ஆயினும், எந்த மருந்து என்பது எந்தக் கிருமி என்பதைப் பொறுத்தது. அதை அறியவே ரத்தத்தை எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்கிறார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் 'பிளட் கல்ச்சர்' என்று காண்பது இதுவே. சில நோயாளிகளிடம் இச்சோதனையில் ஒன்றும் வளர்வதில்லை. நம் நாட்டில் இது அரிதன்று.

இதற்கு முதற் காரணம், சோதனைக்கு முன்பே உட்கொண்ட ஆன்டிபயாடிக் மாத்திரை. நோயைத் தீர்க்கப் போதாத அம்மருந்து, கிருமியின் அடையாளத்தை மறைக்க மட்டும் போதுமானதாகிறது. இரண்டாவது காரணம், கிருமியின் இயல்பு. 1937-ஆம் ஆண்டில் டெரிக் என்னும் மருத்துவர், ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகர இறைச்சிக்கூடத் தொழிலாளரிடையே கண்ட காய்ச்சல் ஒன்றை விவரித்தார். காரணம் விளங்காமையால், வினா என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தைக் கொண்டு 'கியூ காய்ச்சல்' எனப் பெயரிட்டார். ஆடு மாடுகளிடமிருந்து பரவும் இக்கிருமி உயிரணுவுக்குள் மட்டுமே வளர்வது. சாதாரணச் சோதனைக் குப்பியில் வளராது. காய்ச்சாத பாலில் வரும் புரூசெல்லா மெதுவாக வளர்வது. பூனையாலும் உடற்பேனாலும் பரவும் பார்டோனெல்லாவும் எளிதில் அகப்படாது.

அப்போது மருத்துவர் வேறு வழிகளை நாடுகிறார். எதிர்ப்பொருள்களை ரத்தத்தில் தேடுகிறார். உணவுக் குழாய் வழியே எக்கோ கருவியைச் செலுத்தி வால்வை அருகிலிருந்து காண்கிறார். அறுவைச் சிகிச்சையில் எடுத்த வால்வுத் துணுக்கில் கிருமியின் மரபணுவைத் தேடச் செய்கிறார். இக்குறிகளையெல்லாம் சீர்தூக்க டியூக் பல்கலைக் கழகத்தார் 1994-இல் விதிகள் வகுத்தனர். 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் கியூ காய்ச்சலின் எதிர்ப்பொருள் முக்கியச் சான்றாயிற்று. 2023-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மரபணுச் சோதனையும் இடம் பெற்றது.

இவ்வளவு கருவிகள் இருந்தும், எதைத் தேடுவது என்பதற்குத் துப்பு நோயாளியின் வாய்மொழியிலிருந்தே பெரும்பாலும் கிடைக்கிறது. ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு இது மிகவும் பொருந்தும். பிள்ளைப் பிராயத்தில் பார்த்த டாக்டர் ஓரூரில். இப்போது பார்ப்பவர் வேறூரில். விடுமுறையில் சொந்த ஊர் சென்று கன்று ஈன்ற பசுவைக் கவனித்ததும், கறந்த பாலைக் காய்ச்சாமல் அருந்தியதும் இங்குள்ள டாக்டருக்குத் தெரிய வழியில்லை. கேட்காவிடினும் நாமே சொல்லுதல் வேண்டும். பழைய சீட்டுகளையும், உண்ட மாத்திரைகளின் அட்டைகளையும் எறியாமல் கொண்டு செல்க.

வால்வுக் கோளாறு உள்ளவர்க்குக் காய்ச்சல் வந்தால், வீட்டில் மிஞ்சிய ஆன்டிபயாடிக்கைத் தாமே எடுத்துக்கொள்ளலாகாது. உடனே மருத்துவரிடம் சென்று, மருந்து தொடங்குமுன் ரத்தம் எடுக்க வேண்டுமா என்று கேட்க வேண்டும். வழக்கமாக வெவ்வேறு இடங்களில் குத்தி மூன்று முறை எடுப்பார்கள். 'இத்தனை ரத்தமா!' என்று வீட்டார் மறுக்க வேண்டா. எடுப்பது சிறிதளவே, அதனால் தெளிவாவதோ உயிரைக் காக்கும் மருந்து எது என்பது.