பரணில் கிடக்கும் சபை

சங்கரன்கோவில் என்றதும் தமிழ் வாசகருக்கு நினைவு வருவது சங்கரநாராயணர் சந்நிதி, கோமதியம்மனின் ஆடித்தபசு, நெற்றியில் இட்டுக்கொள்ளும் புற்றுமண். நியாயந்தான். பெரிய கோயில்களுக்குக் கல்வெட்டு உண்டு, ஸ்தலபுராணம் உண்டு, தேரும் திருவிழாவும் உண்டு. அதே சீமையில் ஓலைக் கூரையின் கீழ் ஜபம் பண்ணத் தொடங்கிய கிறிஸ்தவ சபைகளுக்கு என்ன உண்டு? கல்லில் வெட்டி வைக்க அந்த ஜனங்களிடம் காசு இருந்ததில்லை. அவர்களுடைய கல்வெட்டெல்லாம் அட்டையில் ஒட்டிய, பழுப்பேறிய போட்டோக்கள்தாம். அந்தக் கல்வெட்டுக்களை அந்தச் சபையாரே அழித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது என் குற்றச்சாட்டு. கரையானை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அதற்கு எழுதப் படிக்கத் தெரியாது.

புத்தகங்களில் இருக்கும் சரித்திரம் சுருக்கமானது. சங்கரநயினார்கோவில் என்று வெள்ளைக்காரர் காலத்துக் காகிதங்களில் எழுதப்பட்ட ஊரை உள்ளடக்கிய வட நெல்லைச் சீமைக்கு, சர்ச் மிஷனரி சொஸைட்டியைச் சேர்ந்த ராக்லண்ட் 1854-ல் கூடாரத்தோடு வந்தார். கேம்பிரிட்ஜில் படித்தவர். ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் பிரசங்கம் செய்து, 1858-ல் சிவகாசியில் காலமானார். 1896-ல் திருநெல்வேலிக்குத் தனித் திருமண்டலம் ஏற்பட்டது. 1947 செப்டம்பர் 27-ல் ஆங்கிலிக்கன் சபை தென்னிந்தியத் திருச்சபையில் கலந்தது. இவை யாருக்கும் கிடைக்கும். ராக்லண்டோடு வெயிலில் நடந்த தமிழ் உபதேசியார்களின் பெயர்களை எத்தனை பேர் சொல்வார்கள்? அவர்களுக்குப் பின் வந்த உபதேசியார்கள், வேதாகம ஸ்திரீகள், பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் எல்லோரும் எங்கே? பரணில் இருக்கிறார்கள். டிரங்குப் பெட்டிக்குள், கல்யாணப் பத்திரிகைகளுக்கும் பழைய ஞானப்பாட்டுப் புத்தகத்துக்கும் நடுவில், குரூப் போட்டோவில் மூன்றாவது வரிசையில் நிற்கிறார்கள்.

அந்தப் பரணுக்கு நேரும் கதி என்ன? சபைக்கு நூற்றாண்டு விழா வருகிறது. கோயிலை இடித்துப் பெரிதாகக் கட்டுகிறார்கள். சாமான் அறையைக் காலி செய்கிறார்கள். சட்டம் உடைந்த படங்கள் பழைய பேப்பர்க்காரனுக்குப் போகின்றன. பிறகு ஒரு விழா மலர் வெளிவருகிறது. வழவழப்பான காகிதம், முதல் இருபது பக்கமும் வாழ்த்துச் செய்தி வழங்கிய பிரமுகர்கள், அடுத்த பத்துப் பக்கம் கமிட்டியார். பழைய போட்டோ ஒன்று தப்பிப் பிழைத்திருந்தால், தபால் தலை அளவில் அதைப் போட்டு, அடியில் 'பழைய படம்' என்று எழுதுகிறார்கள். ஐயா, பழையது என்பது எங்களுக்கே தெரிகிறது. அதில் இருப்பது யார்?

இதற்கு ஒரு கனவான் சமாதானம் சொல்லுவார்: "மிஷனரிமார் எல்லாவற்றையும் சீமையில் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள்." உண்மை. சர்ச் மிஷனரி சொஸைட்டியின் தஸ்தாவேஜுகள் பர்மிங்ஹாம் சர்வகலாசாலையில் இருக்கின்றன, எஸ்.பி.ஜி. சங்கத்தினுடையவை ஆக்ஸ்போர்டில் இருக்கின்றன. ஆனால் அந்தப் படங்கள் யாருக்காக எடுக்கப்பட்டன? இங்கிலாந்தில் சந்தா கொடுத்தவர்களுக்காக. ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1909-ல் வெளியிட்ட 'லோட்டஸ் பட்ஸ்' என்ற நூலின் மூலம் டோனாவூர்க் குழந்தைகளின் முகங்கள் அந்த நாட்டு வரவேற்பறைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அது அந்தக் காலத்து வழக்கம். துரைக்கும் துரைசாணிக்கும் படத்தின் அடியில் பெயர் இருக்கும். பக்கத்தில் நிற்பவர் பெரும்பாலும் 'சுதேசி உபதேசியார்', அவ்வளவுதான். அவர் பெயர் சீமையில் கிடைக்காது. இங்கே, அவருடைய பேத்தியின் வாயில்தான் கிடைக்கும். அந்தப் பேத்திக்கு இப்போது எண்பது வயது. மேலும், பாளையங்கோட்டை ஸ்டூடியோவில் எடுத்த கல்யாணப் படமும், பிஷப்பை நடுவில் உட்காரவைத்து எடுத்த திடப்படுத்தல் படமும், அசனப் பந்தியில் எடுத்த படமும் எந்தச் சீமைக்கும் போனதில்லை.

இன்னொருவர், இளைஞர், சிரிக்கிறார்: "எல்லாவற்றையும் செல்போனில் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டோம், ஸார்!" தம்பி, போட்டது சரி. பெயர் எழுதினாயா? பெயரில்லாத படம் பத்துப் பேருக்கு அனுப்பினாலும் அநாதை. பதினாயிரம் பேருக்கு அனுப்பினாலும் அநாதை. குழுவில் அனுப்பும்போது படம் சுருங்கி நுணுக்கம் போய்விடுகிறது என்பது வேறு. இதில் வருத்தம் என்னவென்றால், பெயர் கண்டுபிடிக்க வழி அந்தக் கோயில் பீரோவிலேயே இருக்கிறது. ஆங்கிலிக்கன் சபை ஒழுங்காகச் செய்த காரியம் ஒன்று உண்டென்றால் அது ஞானஸ்நான ரிஜிஸ்தர். தேதி, பெயர், தகப்பன் தாய் பெயர், ஊர், தொழில், ஞானஸ்நானம் கொடுத்த குருவானவர் என்று கலம் கலமாக எழுதி வைத்தார்கள். படத்தையும் ரிஜிஸ்தரையும் பாட்டியையும் ஒரே மேஜைக்குக் கொண்டுவந்தால், ஒரு பிற்பகலில் அரை ஊர் எழுந்து உட்காரும்.

இதெல்லாம் சில்லறை ஆட்சேபங்கள். உண்மையான ஆட்சேபத்தை யாரும் மேடையில் சொல்வதில்லை, காதோடு சொல்கிறார்கள். "அந்தப் படம் வேண்டாம். அதில் நம் தாத்தா தரையில் உட்கார்ந்திருக்கிறார்." பழைய போட்டோவில் நாற்காலி யாருக்கு, பெஞ்சு யாருக்கு, தரை யாருக்கு என்பது பளிச்சென்று தெரிகிறது. சாதியை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தோம் என்று பிரசங்கத்தில் சொல்லலாம். போட்டோ சாட்சி சொல்லும்போது அந்தப் பேச்சு செல்லாது. ஆகவே படத்தைக் கத்தரிக்கிறார்கள். பாம்படம் ஆடும் காதோடு இருக்கும் கிழவியை வெட்டிவிட்டு, கோட்டுப் போட்ட மகனை மட்டும் சட்டம் போடுகிறார்கள்.

இதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. கதை எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: வெட்டியெறிந்த பகுதியில்தான் கதை இருக்கிறது. அந்தக் கிழவி ரவிக்கை போட்டிருக்கிறாளா என்று பாருங்கள். மலைக்கு அந்தப்பக்கம் திருவிதாங்கூரில் பெண்கள் தோளை மூடுவதற்காக அடிபட்டார்கள். 1859-ல்தான் மகாராஜா இறங்கிவந்து நாடார் பெண்களுக்கு அனுமதி கொடுத்தார். அதை அறிந்தவனுக்கு அந்த ரவிக்கை சாதாரணத் துணியல்ல. தரையில் உட்கார்ந்த தாத்தாவின் மடியில் சிலேட்டோடு ஒரு பெண் குழந்தை இருக்கிறதா? நாற்காலியில் இருப்பவரைவிட அந்தக் குழந்தைதான் பெரிய செய்தி. தாத்தா தரையில் உட்கார்ந்தது அவருக்கு அவமானமல்ல, உட்காரவைத்தவர்களுக்கு அவமானம். படத்தை ஒளித்தால் யாருடைய அவமானம் மறைகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

செய்யக்கூடாத காரியமா இது? புதுச்சேரி பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களின் படங்களைத் தேடிப்பிடித்துப் பிரதி எடுத்து வைத்தது. பெரிய ஸ்தாபனம் வரும்வரை ஒரு சேகரம் காத்திருக்க வேண்டியதில்லை. படத்துக்கு லாமினேஷன் போடாதீர்கள். பசை தடவிய பிளாஸ்டிக் ஆல்பத்தில் ஒட்டாதீர்கள். பின்புறத்தில் பேனாவால் எழுதாமல் பென்சிலால் மெல்ல எழுதுங்கள். அசலை அந்தந்த வீட்டிலேயே விட்டுவிட்டு, நல்ல பிரதி ஒன்றைக் கோயிலிலும் ஒன்றைத் திருமண்டலத்திலும் வையுங்கள். ஞாயிற்றுப் பள்ளிப் பிள்ளைகளை நோட்டோடு பாட்டிமாரிடம் அனுப்புங்கள். முதலில் சமையற்காரியின் பெயரைக் கேட்கச் சொல்லுங்கள். பிஷப்பின் பெயர் எப்படியும் கிடைத்துவிடும்.

அடுத்த விழா மலருக்கு என்னிடம் வாழ்த்துச் செய்தி கேட்டு வருகிறவர்களுக்கு இப்போதே சொல்லி வைக்கிறேன். ஒரு குரூப் போட்டோவை முழுப் பக்கத்தில், யாரையும் வெட்டாமல், எல்லார் பெயரோடும் போட்டுக் கொண்டுவாருங்கள். பிறகு வாழ்த்தைப் பற்றிப் பேசலாம்.