இஃப் போட்டால் வில் வரும்

சென்ற மாதம் ஒரு சாயங்காலம் பேத்தி தன் ஆங்கில நோட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பாடம், ஃபர்ஸ்ட் கண்டிஷனல். பருவநிலை மாற்றத்தை வைத்துப் பத்து வாக்கியம் எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். எட்டு எழுதிவிட்டாள்.

"தாத்தா, ரெண்டே ரெண்டு சொல்லுங்க, எழுதிட்டு விளையாடப் போறேன்."

முதலில் எட்டையும் படிக்கிறேன் என்றேன். முகம் சுருங்கியது. தாத்தாவிடம் நோட்டைக் கொடுத்தால் சீக்கிரம் திரும்பி வராது என்று அவளுக்குத் தெரியும்.

இந்த இலக்கணம் எனக்குப் பழைய சிநேகம். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். "ஸி" என்று தொடங்கினால் அதன் பின்னால் எதிர்காலம் வரக்கூடாது, நிகழ்காலம்தான் வர வேண்டும், எதிர்காலம் அடுத்த பாதியில் வரும் என்பது எங்கள் ஆசிரியர் பிரம்பை மேசையில் தட்டிச் சொல்லிக்கொடுத்த விதி. ஆங்கிலத்திலும் ஏறக்குறைய அதே விதிதான். "இஃப் இட் ரெயின்ஸ், ஐ வில் ஸ்டே அட் ஹோம்." இஃப் பக்கத்தில் வில் கிடையாது. நடக்காத ஆசையைச் சொல்ல இரண்டு மொழியிலும் வேறு உருவம் உண்டு. "நான் ராஜாவாக இருந்தால்" என்பதற்கு அங்கே கடந்தகாலம் போல ஒன்றைப் போட வேண்டும்.

தமிழில் இந்தத் தொல்லை கிடையாது. "மழை பெய்தால் வீட்டில் இருப்பேன்", "நான் ராஜாவானால் வரியை ரத்து செய்வேன்" இரண்டுக்கும் ஒரே உருவம்தான். சொல்கிறவன் அதை நம்புகிறானா, சும்மா சொல்கிறானா என்பதைக் குரலை வைத்தும் முகத்தை வைத்தும் நாம் தெரிந்துகொள்கிறோம். ஆங்கிலமும் பிரெஞ்சும் வாயைத் திறக்கும் முன்பே ஒரு கேள்வி கேட்டுவிடுகின்றன: இது நடக்கக்கூடியது என்று நினைக்கிறாயா, இல்லையா? நம் பிள்ளைகள் இந்த இடத்தில் தடுக்கி விழுவதற்குக் காரணம் மந்தபுத்தி இல்லை. வீட்டில் யாரும் அவர்களை இப்படிக் கேட்டதில்லை.

அதனால் பருவநிலை மாற்றத்தை இந்தப் பாடத்துக்குத் தேர்ந்தெடுத்த ஆசிரியரை நான் மெச்சுகிறேன். அந்த விஷயமே இஃப், வில் என்றுதான் நடக்கிறது. ஐ.பி.சி.சி. எனப்படும் ஐ.நா. விஞ்ஞானிகள் குழுவின் 2021 அறிக்கையில் ஐந்து வழிகளைப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். புகையை வேகமாகக் குறைத்தால், இந்த நூற்றாண்டின் கடைசியில் பூமியின் சராசரி வெப்பம் பழைய காலத்தைவிட 1.4 டிகிரி அளவில் கூடியிருக்கும். இஷ்டத்துக்கு விட்டால் 4.4 டிகிரி. கடல் மட்டம் முதல் வழியில் 2100க்குள் 28 முதல் 55 சென்டிமீட்டர் வரை ஏறும். கடைசி வழியில் 63 சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை. ஒவ்வொரு "ஆல்" பின்னாலும் ஓர் அளவு நிற்கிறது. நல்ல கண்டிஷனல் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

பேத்தியின் எட்டு வாக்கியத்துக்கு வருகிறேன். இலக்கணத்தில் ஒரு தப்பு இல்லை. "நாம் மரம் நடாவிட்டால் பூமி சூடாகும்." "நாம் பிளாஸ்டிக்கை நிறுத்தினால் உலகம் காப்பாற்றப்படும்." எட்டில் ஆறு "வீ" என்று தொடங்குகின்றன. யார் இந்த வீ? எட்டாம் வகுப்புப் பெண்ணும் அனல் மின் நிலையம் நடத்துகிறவனும் ஒரே வீயா? இன்னொரு வாக்கியம், "வடதுருவத்துக் கடலில் மிதக்கும் ஐஸ் உருகினால் கடல் மட்டம் உயரும்." ஒரு டம்ளர் தண்ணீரில் ஐஸ் கட்டியைப் போட்டு, விளிம்பு வரை நிரப்பி, உருகும் வரை பார்த்துக்கொண்டிரு என்றேன். பார்த்தாள். வழியவில்லை. மிதக்கிற ஐஸ் தன் இடத்தை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. கிரீன்லாந்திலும் தென்துருவத்திலும் நிலத்தின் மேல் கிடக்கிற ஐஸ் கரைந்து கடலில் சேர்ந்தால்தான் மட்டம் ஏறும். கடல்நீர் சூடாகி விரிவதாலும் ஏறும். டம்ளர் ஆச்சரியத்தில் அவள் விளையாட்டை மறந்துவிட்டாள்.

என்னை நிறுத்தியது ஏழாவது வாக்கியம். "கடல் மட்டம் உயர்ந்தால் பாண்டிச்சேரி மணல்வெளி மறைந்துவிடும்."

மறைந்துவிடுமா? மறைந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது! கூர் ஷப்ரோல் என்று எங்கள் தலைமுறை சொன்ன கடற்கரைச் சாலையில் சுவரைத் தாண்டி மணலில் இறங்கி ஓடியவர்கள் இதைப் படிப்பவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். அந்த மணலைக் கடல் மட்டம் கொண்டுபோகவில்லை. நம் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். வடகிழக்குப் பருவத்தில் சில மாதம் திரும்பி வரும், ஆனால் நிகரக் கணக்கு வடக்கு நோக்கித்தான். 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்களைக் கட்டினார்கள். தெற்கே மணல் தேங்கியது. வடக்கே நகரத்தின் கரைக்கு வரவேண்டியது வரவில்லை. கரையைக் காக்கக் கருங்கல்லைக் கொட்டினார்கள். கல் இருக்கிற இடம் தப்பியது, அரிப்பு அதற்கு வடக்கே இருந்த குப்பங்களுக்கு நகர்ந்தது.

இனிமேல் கடல் மட்டம் ஏறும்போது இந்தக் காயத்தின் மேல்தான் ஏறப்போகிறது. ஆனால் முதல் காயத்தை உண்டாக்கியது யார், எப்படி என்பதை மறைத்துவிட்டு எல்லாவற்றையும் பருவநிலை தலையில் போடுவது எனக்குச் சம்மதமில்லை. அந்த வாக்கியத்துக்கு ஆசிரியர் ஒரு டிக் போடுவார். இலக்கணப்படி போடத்தான் வேண்டும். ஆனால் பேத்தி மனசில் கடற்கரை போனதற்கு ஒரு தப்பான காரணம் உட்கார்ந்துவிடும்.

இதை நான் இவ்வளவு பிடித்துக்கொள்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இதுவரை எழுதியதில்லை.

நான் குமாஸ்தாவாக இருந்த அலுவலகம் ஒன்றுக்குத் தொண்ணூறுகளில் வடக்கே ஒரு மீனவக் குப்பத்திலிருந்து மனு வந்தது. கடல் வீடுகளுக்குப் பத்தடி கிட்டே வந்துவிட்டது, கல் போட்டுத் தரவேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பதில் டிராஃப்ட் போட்டவன் நான். "நிதி ஒதுக்கீடு பெறப்பட்டால் தக்க நடவடிக்கை எடுக்கப்படும்." சுத்தமான ஃபர்ஸ்ட் கண்டிஷனல். மேலதிகாரி ஒரு எழுத்தும் மாற்றாமல் கையெழுத்துப் போட்டார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பெறப்பட்டால், எடுக்கப்படும் என்ற இரண்டு வார்த்தையிலும் ஆள் கிடையாது. யார் பெறவேண்டும், யார் எடுக்கவேண்டும், எதுவும் இல்லை. நிதி கேட்டு நாங்கள் மேலே எழுதவும் இல்லை என்பது கோப்பைப் பார்த்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

பத்து நாள் கழித்து அந்தக் கடிதத்தை நாலாக மடித்து எடுத்துக்கொண்டு ஒரு பெரியவர் என் மேசைக்கு வந்தார். "ஐயா, இது செய்றேங்கறீங்களா, செய்யமாட்டேங்கறீங்களா? ஊர்ல கேக்கறாங்க" என்றார். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் அந்த முன்வரிசை வீடுகள் போய்விட்டன என்று தினசரியில் படித்தேன். கல் போட்டிருந்தால் நின்றிருக்குமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. செய்யமாட்டோம் என்று நேராகச் சொல்லியிருந்தால், சாமான்களையாவது முன்கூட்டியே எடுத்து வைத்திருப்பார்கள்.

பருவநிலை பற்றி இன்று பெரிய மேடைகளில் வரும் வாக்கியங்களைப் படிக்கும்போது என் டிராஃப்ட் நினைவுக்கு வருகிறது. "நிதி கிடைத்தால்", "தொழில்நுட்பம் வந்தால்", "எல்லா நாடுகளும் ஒத்துழைத்தால்." உருவத்தில் ஃபர்ஸ்ட் கண்டிஷனல், சொல்கிறவர் மனசில் ராஜாவானால் கதை.

அதனால் ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். தலைப்பை மாற்ற வேண்டாம். ஆனால் பத்தில் ஐந்து வாக்கியமாவது பிள்ளைகள் தங்கள் தெருவில் போய்ப் பார்க்கக்கூடியதாக இருக்கட்டும். பாகூர் ஏரி இருக்கிறது, ஊசுட்டேரி இருக்கிறது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டி எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும். "வீ" என்று எழுதினால், யார் என்று கேளுங்கள். நல்லது நடந்ததையும் எழுதச் சொல்லலாம். தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஆப்பு வடிவத்தில் ஓர் இரும்பு அமைப்பை இறக்கிய பிறகு அங்கே மறுபடி மணல் சேர்ந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நிற்க இடமில்லை. காரணத்தைக் கண்டுபிடித்து வேலை செய்தால் மணல் வரும் என்பதும் ஒரு கண்டிஷனல்தான்.

பேத்தி ஏழாவது வாக்கியத்தை அடித்துவிட்டு, துறைமுகச் சுவரைத் தாண்டி மணலை வடக்கே எடுத்துப் போட்டால் கரை வளரும் என்று எழுதினாள். பாக்கி இரண்டில் ஒன்று எங்கள் தெரு வாய்க்காலைப் பற்றி: ஐப்பசிக்கு முன் தூர் வாராவிட்டால் தண்ணீர் எங்கள் கூடத்துக்கு வரும். யார் வார வேண்டும் என்றேன். நகராட்சி என்று எழுவாயைச் சேர்த்தாள்.

பத்தாவதை என்னைக் கேட்காமலே எழுதினாள். "இஃப் தாத்தா வாக்ஸ் டு த மார்க்கெட், ஹீ வில் நாட் பர்ன் பெட்ரோல்." மார்க்கெட் எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு. இலக்கணத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நாலு நாள் நடந்து போனேன். ஐந்தாம் நாள் முழங்கால் வலி என்று சொல்லி ஸ்கூட்டரை எடுத்தேன். அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.