இழந்த இழுவையைத் திரும்பப் பெறுவோம்



“வண்டி முன்ன மாதிரி இழுக்க மாட்டேங்குது. கம்மி செலவுல ஏதாவது பண்ண முடியுமா?”

நம் இதழுக்கு அடிக்கடி வரும் கேள்வி இதுதான். கேட்பவர்களில் பலர் பத்து, பதினைந்து ஆண்டு ஓடிய டீசல் பிக்கப் வைத்திருப்பவர்கள். ஒட்டன்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றுகிறவர்கள், மேட்டுப்பாளையத்திலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் குன்னூர் போகிறவர்கள், கொல்லிமலையின் 70 வளைவுகள் வழியாகப் பலாவும் அன்னாசியும் இறக்குகிறவர்கள். தவணையெல்லாம் கட்டி முடித்து, ஆர்.சி. புத்தகத்தில் ஹெச்.பி. கேன்சல் செய்து, இப்போதுதான் வண்டி முழுக்கச் சொந்தமாகியிருக்கும். அவர்களிடம் போய், “இதைத் தள்ளிவிட்டுப் புது வண்டிக்குக் கடன் போடுங்கள்” என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. அதனால்தான் இந்த இதழைப் பழைய டீசல் பிக்கப் இன்ஜினுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

உள்ளே கட்டுரைகள் பல இருந்தாலும் எல்லாம் சொல்ல வருவது ஒன்றைத்தான். பழைய இன்ஜினுக்கு மலிவாகக் கிடைக்கும் கூடுதல் சக்தி, அது ஏற்கெனவே இழந்துவிட்ட சக்திதான். முதலில் அதை மீட்க வேண்டும். மற்ற செலவெல்லாம் அதற்குப் பிறகு.

பழைய டாடா 207 டிஐ வண்டியின் 2,956 சிசி இன்ஜினையும், பொலேரோ பிக்கப்பின் 2,523 சிசி டிஐ இன்ஜினையும் நம் ஊர் மெக்கானிக்குகள் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துக் கோப்பார்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலத்து எஃப்.ஐ. பம்ப், ஸ்பேனரால் திருகி வைக்கும் டாப்பெட், கழற்றிச் சோதிக்கக்கூடிய நாசில் என்று ஒவ்வொரு பாகமும் பழுது பார்ப்பதற்கென்றே செய்யப்பட்டது. 1951-ல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோ நிறுவனம் 2008-ல் பாஷ் என்று பெயர் மாறியது. ஆனாலும் பட்டறைகளில் அதன் பம்ப் இன்னும் மைக்கோ பம்ப்தான். இத்தகைய இன்ஜின் ஒரே நாளில் பலம் இழப்பதில்லை. நான்கைந்து இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து போகிறது. ஓட்டுகிறவருக்கு அது பழகிவிடுவதால், மேட்டில் மூன்றாவது கியரில் போன வண்டி இரண்டாவதுக்கு இறங்கியதைக்கூட வயதின் மேல் போட்டுவிடுகிறோம்.

முதலில் காற்றைப் பார்ப்போம். ஒரு லிட்டர் டீசல் முழுமையாக எரியக் குறைந்தது 12 கிலோ காற்று வேண்டும், அதாவது ஏறத்தாழ 10,000 லிட்டர். சிலிண்டருக்குள் டீசலும் காற்றும் கலப்பதற்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு என்பதால் நடைமுறையில் இதைவிடவும் கூடுதலாகத் தேவைப்படும். 2,523 சிசி இன்ஜின் 2,000 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது, டர்போவைக் கணக்கில் சேர்க்காமலே நிமிடத்துக்குச் சுமார் 2,500 லிட்டர் காற்றை இழுக்கிறது. மொட்டை மாடியில் நிற்கும் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டிகளில் இரண்டரை தொட்டி அளவு, ஒவ்வொரு நிமிடமும். செங்கல் சூளையிலும் எம்-சாண்ட் குவாரியிலும் ஓடிய ஏர் ஃபில்டர் வழியே இவ்வளவும் போயாக வேண்டும். ஃபில்டரைத் தட்டித் தட்டி ஓட்டுவதும், கம்ப்ரஸர் காற்றை மிக அருகில் வைத்து அடிப்பதும் காகிதத்தைக் கிழித்துவிடும். கிழிந்த ஃபில்டர் வழியாகத் தூசி உள்ளே போய் ரிங்கையும் லைனரையும் தேய்க்கும். நல்ல ஏர் ஃபில்டரின் விலை ஓர் இன்ஜின் வேலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

டர்போ உள்ள வண்டியில் இன்னும் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும், அங்கிருந்து மேனிஃபோல்டுக்கும் போகும் ரப்பர் ஹோஸ்கள் வெடித்திருந்தாலோ, கிளாம்ப் தளர்ந்திருந்தாலோ, அமுக்கிய காற்று இன்ஜினுக்குப் போகாமல் வெளியேறிவிடும். சோப்பு நுரை தடவினால் கசிவு குமிழி விட்டுக் காட்டிவிடும். அடுத்தது இன்டர்கூலரின் துடுப்புகள். அவற்றில் சேறும் எண்ணெயும் பூச்சியும் அடைத்திருந்தால் காற்று சூடாகவே உள்ளே போகும். அந்தக் காற்றின் வெப்பத்தை 10 டிகிரி குறைத்தால் அதன் அடர்த்தி சுமார் 3 சதவீதம் கூடும். தண்ணீர் விட்டு நிதானமாகக் கழுவினாலே கிடைக்கிற லாபம் இது.

மலையேறும் அன்பர்களுக்கு ஒரு செய்தி. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத இன்ஜின் அந்த அளவு மூச்சைத் தானாகவே இழந்துவிடும். சமவெளியில் சரியாக இருந்த அதே பம்ப் அளவில் மலை மேலே போனதும் கரும்புகை வருவது இதனால்தான். அதைப் பம்பின் கோளாறு என்று நினைத்து யாரும் கைவைக்க விடாதீர்கள்.

அடுத்தது டீசல். பம்பின் பிளஞ்சருக்கும் பேரலுக்கும் உள்ள இடைவெளி சில மைக்ரான்கள்தான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அங்கே தண்ணீரும் தூசியும் மண்ணெண்ணெய்க் கலப்படமும் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. டீசல் ஃபில்டரை உரிய நேரத்தில் மாற்றுங்கள். அடியில் சேரும் தண்ணீரை, குறிப்பாக மழைக்காலத்தில், தவறாமல் இறக்கிவிடுங்கள். நாசிலைக் கழற்றி டெஸ்டரில் போட்டுப் பாருங்கள். கம்பெனி சொன்ன அழுத்தத்தில் திறந்து, பனிப்புகை போல எல்லாத் துளைகளிலிருந்தும் சமமாகச் சிதற வேண்டும். சொட்டுச் சொட்டாக வடிந்தால் அந்த டீசல் பாதி எரிந்தும் எரியாமலும் புகையாகவே போகும். நாங்கள் பேசிய பட்டறைக்காரர்கள் ஒரே குரலில் சொன்னது இது: பழைய டிஐ இன்ஜினில் நாசில் சர்வீஸும் டாப்பெட் அட்ஜஸ்ட்மென்ட்டும் சேர்த்துச் செய்தால், ஓட்டுநர் முதல் மேட்டிலேயே வித்தியாசத்தை உணர்வார்.

பம்ப் டைமிங்கையும் மறக்க வேண்டாம். டைமிங் கியருக்கு வேலை பார்த்துப் பம்பைத் திரும்ப மாட்டும்போது கொஞ்சம் தள்ளி மாட்டினாலும் இழுவை போய்விடும். டைமிங் பிந்தினால் வண்டி மந்தமாகி வெள்ளைப்புகை விடும், சூடும் ஏறும். முந்தினால் இன்ஜின் கடகடவென்று அடிக்கும். பம்பை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி கேலிப்ரேஷன் செய்கிற நல்ல பம்ப் ரூம் உங்கள் ஊரில் எங்கே இருக்கிறது என்று விசாரித்து வையுங்கள். அந்த வேலையைக் காதாலும் கண்ணாலும் செய்து முடிக்க முடியாது.

இவற்றையெல்லாம் தொடங்குவதற்கு முன் ஒரு சோதனை கட்டாயம். ஓடும் இன்ஜினில் ஆயில் மூடியைத் திறந்தால் புகை குப்பென்று அடிக்கிறதா? அதைத்தான் பட்டறையில் பேக் கம்ப்ரஷன் என்கிறார்கள். அப்படியிருந்தால் கம்ப்ரஷன் கேஜ் வைத்து நான்கு சிலிண்டரையும் பார்த்துவிடுங்கள். ரிங் தேய்ந்த இன்ஜினுக்கு எந்த மேம்பாடும் பலன் தராது, அந்தப் பணத்தை ரிங் வேலைக்குச் சேர்த்து வைப்பதே நல்லது.

இனி, எங்களை மிகவும் வருத்தும் பழக்கத்துக்கு வருகிறேன். இழுவை இல்லை என்றதும் பம்பின் சீலை உடைத்து, டீசல் அளவைக் கூட்டும் ஸ்க்ரூவை அரைச் சுற்றுத் திருகிவிடுகிறார்கள். செலவே இல்லாத வேலை, வண்டியும் அன்று பறக்கும். ஆனால் காற்று அதே அளவுதானே இருக்கிறது? கூடுதல் டீசல் புகையாகவும் வெப்பமாகவும்தான் மாறும். பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது, சுத்தமான அலுமினியமே 660 டிகிரியில் உருகிவிடும். நீண்ட மேட்டில், முழு லோடில், அந்த வெப்பத்தை இன்ஜின் எத்தனை நாள் தாங்கும்? காமன் ரெயில் வண்டிகளுக்கு விற்கப்படும் சிப் சமாச்சாரமும் இதே கதைதான். கூட்டிய டார்க்கைக் கிளட்ச்சும் கியர்பாக்ஸும் ஹெட் கேஸ்கெட்டும் தாங்க வேண்டும். அவற்றுக்கும் பத்து வயது ஆகிவிட்டது.

சட்டத்தையும் நினைவில் வையுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியில் மாற்றம் செய்யக்கூடாது என்கிறது. புகைச் சோதனையில் பி.எஸ். 4-க்கு முந்தைய டீசல் வண்டிகளுக்கு 65 ஹெச்.எஸ்.யு. (புகை அடர்த்தி அலகு), பி.எஸ். 4 வண்டிகளுக்கு 50 ஹெச்.எஸ்.யு. உச்ச வரம்பு. அந்தச் சோதனைச் சீட்டைச் சடங்காக வாங்கி டேஷ்போர்டில் போடாமல், எண்ணைப் படியுங்கள். சென்ற முறையைவிட ஏறியிருந்தால் உங்கள் இன்ஜின் எங்கோ காற்றை இழக்கிறது, அல்லது நாசில் வடிகிறது என்று பொருள். உங்கள் வண்டிப் புகையை முதலில் சுவாசிப்பவர்கள் உங்கள் ஊர்க் குழந்தைகள் என்பதையும் ஒரு சகோதரனாகச் சொல்லிக்கொள்கிறேன்.

சில சமயம் குற்றவாளி இன்ஜினாகவே இருக்காது. ஒட்டிக்கொண்டிருக்கும் பிரேக், காற்றில்லாத டயர், வழுக்கும் கிளட்ச், நசுங்கிய சைலன்சர் ஆகிய ஒவ்வொன்றும் சக்தியைத் தின்னும். லோடுக்காகப் பெரிய டயர் மாட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டும். சக்கரத்தின் விட்டம் 5 சதவீதம் கூடினால், தரையில் கிடைக்கும் இழுவிசை ஏறத்தாழ அதே 5 சதவீதம் குறையும். ஓவர்லோடு பற்றியும் சொல்லியாக வேண்டும். 194-வது பிரிவின்படி அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். வாடகை குறைவு, போட்டி அதிகம் என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் அந்த ஒரு நடையில் வரும் லாபத்தை ஆக்ஸிலும் கிளட்ச்சும் இன்ஜினும் பிறகு வட்டியோடு வாங்கிக்கொள்ளும்.

எல்லாம் சரிசெய்த பிறகும் கையில் பணம் மிஞ்சினால், ஒரு பூஸ்ட் கேஜும், எக்ஸாஸ்ட் வெப்பத்தைக் காட்டும் மீட்டரும் மாட்டுங்கள் என்பதே என் பரிந்துரை. ரேடியேட்டரை ராடிங் செய்து, ஃபேன் பெல்ட்டை மாற்றுங்கள். இவை வண்டியின் வேகத்தைக் கூட்டாது. ஆனால் இருக்கிற சக்தியை முழுமையாகவும் பயமில்லாமலும் பயன்படுத்த வைக்கும்.

இந்த இதழுக்காகத் தங்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பேசிய மெக்கானிக் அண்ணன்களுக்கும், பம்ப் ரூம் தொழிலாளர்களுக்கும் நன்றி. டீசலில் ஊறிய கைகளோடு, கருவியும் காதும் சேர்த்து அவர்கள் கற்ற வித்தை, எந்தப் பள்ளியிலும் எழுதி வைக்கப்படாதது. அதற்குரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். அதுவும் வண்டிக்குச் செய்யும் செலவுதான்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வேலையை ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். செய்வதற்கு முன்னும் பின்னும் அதே மேட்டில், அதே லோடில், எந்த கியரில் ஏறியது என்று குறித்துக்கொள்ளுங்கள். டேங்க்கை முழுதாக நிரப்பி, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்றும் கணக்கெடுங்கள். எந்த வேலைக்கு எவ்வளவு ஆனது, என்ன கிடைத்தது என்று எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். வண்டியின் மாடல், ஆண்டு, ஓடிய தூரம் ஆகியவற்றையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த இதழில் அவற்றைத் தொகுத்து வெளியிடுவோம். ஒருவர் செலவழித்துக் கற்றது இன்னொருவருக்குச் செலவில்லாமல் கிடைக்கட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்