பட்டு மாளிகையில் ஒரு ஸ்டூல்

ஒப்பணக்கார வீதியிலோ கிராஸ்கட் ரோட்டிலோ உள்ள பெரிய ஜவுளி மாளிகை ஒன்றுக்குள் போய்ப் பாருங்கள். வாசலில் கும்பிட்டு வரவேற்க ஒருவர். உள்ளே ஏசி. பட்டுப் பிரிவில் வாடிக்கையாளருக்கு மெத்தை வைத்த நாற்காலி. கல்லாவில் முதலாளிக்கு நாற்காலி. சேலையை விரித்துக் காட்டும் பெண்ணுக்கு? பல கடைகளில் ஒரு ஸ்டூல்கூட இல்லை. கடை திறந்ததிலிருந்து மூடும்வரை அவள் நிற்கிறாள்.

இது சட்டவிரோதம். 2021 செப்டம்பரில் நம் சட்டமன்றம் 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி 22-ஏ பிரிவைச் சேர்த்தது. எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை இருக்க வேண்டும். வேலைக்கு இடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம். கேரளம் 2018-லேயே இதைச் செய்துவிட்டது. அங்கே கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள், விஜி தலைமையில் முதலில் கழிப்பறை கேட்டும் பிறகு இருக்கை கேட்டும் போராடி வாங்கிய உரிமை அது.

கோவை மில் ஊர். மில் தொழிலாளிக்கு 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவே இருக்கை தந்துவிட்டது. அப்போது தொழிலாளர் அமைச்சர் பாபு ஜெகஜீவன்ராம். நூல் நூற்றவருக்குக் கிடைத்தது, அந்த நூலில் நெய்த துணியை விற்பவருக்குக் கிடைக்க 73 ஆண்டுகள் ஆயின.

ஏன் இவ்வளவு தாமதம்? கொங்கு மண்ணில் நாற்காலி வெறும் மரச்சாமான் இல்லை, தோழர்களே. 2020-இல் இதே கோவை மாவட்டம் ஜே. கிருஷ்ணாபுரத்தில், ஓட்டு வாங்கி ஊராட்சித் தலைவரான பட்டியல் சாதிப் பெண், தன்னை நாற்காலியில் உட்காரக் கூடாது என்று மிரட்டுவதாகப் புகார் கொடுக்க வேண்டியிருந்தது. பண்ணையார் முன்னால் உட்காராதே என்ற பழைய கட்டளைதான், கடைக்குள் வரும்போது 'கஸ்டமர் முன்னால் உட்காராதே' என்று சட்டை மாற்றிக்கொள்கிறது. கவுன்டருக்குப் பின்னால் நிற்பவர்களில் எல்லாச் சாதி ஏழைப் பெண்களும் உண்டு. நம் தெருப் பெண்களும் உண்டு. சாதி கற்றுக்கொடுத்த மரியாதை இப்போது எல்லோருடைய காலையும் வீங்க வைக்கிறது.

"ஸ்டாஃப் உட்கார்ந்தால் வியாபாரம் படுத்துவிடும்" என்பார்கள். வங்கியில் காசாளர் உட்கார்ந்துதான் பணம் எண்ணுகிறார். அதற்காக யாரும் கணக்கை முடித்துக்கொண்டு போகவில்லை. ஆள் இல்லாத மதிய நேரத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்தவள் சாயங்காலக் கூட்டத்தில் முகம் சுளிக்காமல் நூறு சேலை விரிப்பாள்.

செலவும் பெரிதில்லை. ஒரு முகூர்த்தப் பட்டின் விலையில் ஒரு தளத்துக்கே ஸ்டூல் போட்டுவிடலாம். அடுத்த மாநிலத்தில் தலைமையகம் வைத்திருக்கும் சங்கிலிக் கடைக்காரர் 'மேலிடத்தைக் கேட்க வேண்டும்' என்று சாக்குச் சொல்லலாம். சொந்தக் கட்டடத்தில், சொந்தப் பெயரில் கடை நடத்தும் உள்ளூர் முதலாளிக்கு மேலிடம் ஏது? அவர் நினைத்தால் நாளைக் காலையிலேயே நடக்கும்.

வரும் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும்போது கவுன்டருக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள். ஸ்டூல் இல்லையென்றால் அந்தப் பெண்ணிடம் கேட்காதீர்கள். பதில் சொன்னால் அவள் வேலைக்கு ஆபத்து. நேராகக் கல்லாவுக்குப் போய் முதலாளியிடம் கேளுங்கள். மழுப்பினால் தொழிலாளர் துறைக்கு ஒரு புகார் எழுதுங்கள். 22-ஏ என்ற எண்ணை மறக்காமல் குறிப்பிடுங்கள்.