கன்றின் தோலில் புண்: பார்த்த பின்னரே மருந்து

கறவைப் பசுவின் மடியில் சிறு கீறல் விழுந்தாலும் அன்றே மருத்துவரைத் தேடிச் செல்லும் உழவர், கன்றின் கழுத்தில் கையகலப் புண் இருந்தாலும் "தானே ஆறிவிடும்" என்று விட்டுவிடுவதைச் சிற்றூர்களில் பரவலாகக் காணலாம். விட்டுவிடாதவர்களில் பலர் செய்வதோ இன்னும் கேடானது. டிராக்டரில் வடித்த கழிவு எண்ணெய், மண்ணெண்ணெய், நீர் கலக்காத பினாயில், பயிருக்குத் தெளித்து மீந்த பூச்சிமருந்து என்று கையில் கிடைத்ததை எடுத்துப் பூசுகிறார்கள். எல்லாப் புண்ணுக்கும் ஒரே பூச்சு என்னும் இப்பழக்கம் அறவே கைவிடப்பட வேண்டும்.

கன்றின் தோல் மெல்லியது. புண்ணின் வழியே நஞ்சு எளிதில் உடலுக்குள் ஏறும். கன்று தன் உடலை நக்கும்; தாய்ப் பசுவும் கன்றை நக்கும். பூச்சிமருந்து உள்ளே சென்றால் வாயில் உமிழ்நீர் ஒழுகும், உடல் நடுங்கும், மூச்சுத் திணறும். புண் ஆறுமுன் கன்று போய்விடும். ஒரு காலத்தில் உண்ணிக்கும் சொறிக்கும் பி.எச்.சி. தூளைத் தூவினார்கள். 1997-ஆம் ஆண்டில் அது தடை செய்யப்பட்டது. தூள் போயிற்று, பழக்கம் போகவில்லை.

மருந்தைத் தேடுமுன் கன்றின் அருகில் ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் போதும். அரிப்பு உண்டா? ஈரமும் நாற்றமும் உண்டா? காய்ச்சல் உண்டா? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்தால், பெரும்பாலான புண்கள் எவ்வகையைச் சேர்ந்தவை என்பது விளங்கிவிடும்.

அரிப்பில்லாத வட்டம்

கண்ணைச் சுற்றியும், காதிலும், கழுத்திலும் முடி உதிர்ந்து, சாம்பல் நிறப் பொருக்குடன் வட்ட வட்டமாகக் காணப்படுவது பெரும்பாலும் படர்தாமரை. இது பூசணத்தால் வருவது. கன்று அதிகம் சொறிந்துகொள்ளாது. சோப்பு நீரில் பொருக்கை ஊறவைத்து, மெல்ல அகற்றி எரித்துவிட வேண்டும். பின்னர் டிஞ்சர் அயோடினோ விட்ஃபீல்டு களிம்போ தடவலாம். கண்ணில் படக் கூடாது. நல்ல வெயிலும் நல்ல தீவனமும் இருந்தால் சில மாதங்களில் தானே மறைவதும் உண்டு. ஆனால் இது மற்றக் கன்றுகளுக்கும் மனிதருக்கும் தொற்றும். ஆகவே கன்றைத் தனியே கட்ட வேண்டும். சிறுவர்கள் அதைக் கட்டிப்பிடித்து விளையாட விடக்கூடாது. தொட்டவர்கள் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

ஓயாத அரிப்பு

கன்று தூணிலும் சுவரிலும் ஓயாமல் உராய்ந்து, தோல் தடித்துச் சுருங்கி, உடல் இளைத்தால் அது சொறி எனலாம். கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகள் தோலைக் குடைவதால் இது உண்டாகிறது. பேன் இருந்தாலும் அரிப்பு வரும். முடியை விலக்கிப் பார்த்தால் பேன் தெரியும். சொறிக்கு வேப்பெண்ணெயில் பத்தில் ஒரு பங்கு கந்தகத் தூள் கலந்து பூசலாம். உடல் முழுவதும் ஒரே நாளில் பூசாமல் பகுதி பகுதியாகப் பூசுவது நலம். பரவலாக இருந்தால் மருத்துவர் கன்றின் எடைக்கேற்ப ஐவர்மெக்டின் ஊசி போடுவார். முட்டைகள் பொரித்து நோய் திரும்புவதால் இரு வாரங்களில் சிகிச்சையை மீண்டும் செய்ய நேரும்.

ஈரமும் நாற்றமும்

காலத்தை வீணாக்கக் கூடாதது புழுப்புண். ஈ புண்ணின் விளிம்பில் முட்டையிடும். ஒரு நாளுக்குள் புழுக்கள் வெளிவந்து சதையைக் குடையத் தொடங்கும். கயிறு அறுத்த கழுத்தும், பிறந்த கன்றின் தொப்புளும் ஈக்கள் விரும்பும் இடங்கள். பஞ்சில் டர்பன்டைன் எண்ணெயைச் சில சொட்டுகள் விட்டுப் புண்ணின் வாயில் சற்று நேரம் வைத்தால் புழுக்கள் மேலே வரும். அவற்றை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டும். எண்ணெயைப் புண்ணில் ஊற்றக் கூடாது.

புழு நீங்கிய பின் வீட்டிலேயே செய்துகொள்ளும் மூலிகை எண்ணெய் போதுமானது. குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி இலை ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி, பூண்டு 10 பல், மஞ்சள் தூள் 20 கிராம் ஆகியவற்றை அரைத்து, 500 மி.லி. நல்லெண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ காய்ச்சி ஆறவைத்துக்கொள்ளலாம். புண்ணைச் சுத்தம் செய்து அன்றாடம் இதைத் தடவி வர வேண்டும். தொப்புள் வீங்கிச் சீழ் வைத்தாலோ, மூட்டு வீங்கினாலோ கைவைத்தியம் கூடாது. உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

காய்ச்சலுடன் கழலை

உடல் வெப்பம் 103 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் ஏறி, தோலெங்கும் நெல்லிக்காயளவு கெட்டியான கழலைகள் தோன்றினால் தோல் கழலை நோய் என்று ஐயுற வேண்டும். இந்தியாவில் இந்நச்சுயிரி நோய் முதன்முதலாக 2019-இல் ஒடிசாவில் கண்டறியப்பட்டது. 2022-இல் குஜராத், ராஜஸ்தான் மாநிலங்களில் பெருஞ்சேதம் விளைத்தது. கொசு, ஈ, உண்ணி ஆகியவை இதைப் பரப்புகின்றன. கன்றைத் தனிமைப்படுத்திவிட்டு அன்றே கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மேலே கூறிய மூலிகை எண்ணெய் உடைந்த கழலைகளை ஆற்ற உதவும், நோயைத் தடுக்காது. நான்கு மாதம் நிறைந்த கன்றுகளுக்குத் தடுப்பூசி போடுவதே தடுப்பு வழி.

புண்ணின் வேர் எங்கே?

மருத்துவரை அழைத்தால் செலவாகும் என்று சிலர் தயங்குவர். 1962 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்காகவே உள்ளது. உண்மையில் செலவை வளர்ப்பது தாமதமே.

இதைவிட முதன்மையானது ஒன்று உண்டு. ஈரத் தரையில் மூத்திரத்தில் படுக்கும் கன்றுக்கு முழங்காலில் புண் வரும். கழிச்சல் கண்ட கன்றின் வாலடியைக் கழுவாவிட்டால் அங்கே தோல் வெந்துவிடும். வயிறு நிறையப் பால் பெறாத கன்றைச் சொறியும் படர்தாமரையும் எளிதில் பற்றும். பிறந்த இரண்டு மணி நேரத்திற்குள் சீம்பால், பின்னர் நாள்தோறும் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு பால் என்பது கணக்கு. 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். அந்தப் பாலையும் கறந்து சங்கத்துக்கு ஊற்றிவிட்டு, பிறகு கன்றின் புண்ணுக்கு மருந்து தேடுவது வரவாகாது. காளைக் கன்றாயின் பாலைக் குறைப்பது இன்னும் அதிகம். பட்டினிக் கன்றின் சொறி பக்கத்தில் கட்டிய கிடேரிக்கும் தொற்றும் என்பதை மறந்துவிடக் கூடாது.

பிறந்தவுடன் தொப்புளில் டிஞ்சர் அயோடின், காய்ந்த தரை, கழுத்தை அறுக்காத அகலமான தும்பு, காலை வெயில், வயிறார பால் ஆகிய ஐந்தும் பெரும் பணம் கேட்பவை அல்ல. இவற்றைக் கடைப்பிடிக்கும் தொழுவத்தில் புண்ணும் குறையும். கழிவு எண்ணெய்க்கும் வேலை இராது. உழவர் பெருமக்கள் நாள்தோறும் கறவைக்குச் செல்லும் முன் கன்றை ஒரு முறை தடவிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்வார்களாக.