பிரேக் பேடு மாற்றியாயிற்று, டிஸ்க்கை அளந்தார்களா?

சொந்த உபயோகத்துக்கு ஒரு காரைப் பதிவு செய்துவிட்டால், அடுத்த 15 ஆண்டுகளுக்கு அதன் பிரேக்கை எந்த அதிகாரியும் சோதிக்கப் போவதில்லை. டாக்ஸிக்கும் லாரிக்கும் தகுதிச் சான்று உண்டு; எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும். வீட்டு வண்டிக்கு அந்தக் கெடுபிடி இல்லை. சக்கரத்தைக் கழற்றி, காலிப்பரை நகர்த்தி, டிஸ்க்கை ஒருவர் முழுதாகப் பார்ப்பது பெரும்பாலும் பேடு மாற்றும் அன்றைக்குத்தான். அன்றும் டிஸ்க்கை அளக்காமல் வண்டியை அனுப்பினால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது என்பேன்.

பேடு தேய்வதற்கென்றே செய்த பொருள். டிஸ்க் வார்ப்பிரும்பு, மெதுவாகத் தேயும், ஆனால் தேயும். இதற்குக் கீழே போகக் கூடாது என்ற கன அளவைப் பெரும்பாலும் டிஸ்க்கின் மேலேயே பொறித்திருப்பார்கள். புதிதில் 22 மி.மீ. இருக்கும் டிஸ்க்குக்கு 20 மி.மீ. எல்லை என்றால், இரு பக்கமும் சேர்த்து அதன் ஆயுள் மொத்தமே 2 மி.மீ.தான். இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வெர்னியரை வைத்தாலும் ஏமாறலாம். பேடு தொடாத வெளி ஓரத்தில் துருவேறிய ஒரு வரப்பு நிற்கும். விரல் நகத்தை வைத்து இழுத்தால் தட்டும். வெர்னியரின் தாடை அந்த வரப்பின் மேல் உட்கார்ந்தால், தேய்ந்த டிஸ்க்கும் புதிது போலக் கணக்குக் காட்டும். வரப்பைத் தாண்டி உள்ளே மைக்ரோமீட்டரை வைத்து, சுற்றிலும் ஏழெட்டு இடத்தில் அளக்க வேண்டும்.

அளக்காமல் விடுவது ஒரு தவறு என்றால், எதற்கும் இருக்கட்டும் என்று டிஸ்க்கை லேத்துக்கு அனுப்புவது இன்னொன்று. பக்கத்துக்கு அரை மி.மீ. சீவினால், மேலே சொன்ன டிஸ்க்கின் பாதி ஆயுள் இரும்புத் தூளாகப் போய்விடும். ஆழமான கோடுகளோ கன வேறுபாடோ இருந்து, கடைந்த பிறகும் எல்லைக்கு மேல் தாராளமாக நிற்கும் என்றால் மட்டும் கடையலாம். முகம் சீராக இருக்கும் டிஸ்க்கை அப்படியே விடுவதுதான் சரி.

வாடிக்கையாளர்கள் அதிகம் புலம்புவது வேறொன்றைப் பற்றி. புது டிஸ்க், புது பேடு போட்டுச் சில மாதம் ஆனதும் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் உதறும். டிஸ்க் வளைந்துவிட்டது, மட்டமான சரக்கு என்று முடிவு கட்டிவிடுவார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது ஹப்பை. டிஸ்க் உட்காரும் அந்த முகத்தில் துருப் பொருக்கு ஒட்டியிருக்கும். அதைத் தேய்த்தெடுக்காமல் டிஸ்க்கை மாட்டினால், டிஸ்க் இம்மியளவு சாய்ந்து உட்காரும். டயல் கேஜை வைத்துச் சுற்றினால் முள் ஆடுவது தெரியும். 0.05 மி.மீ. ஆட்டமே பல வண்டிகளுக்கு எல்லை. அது ஒரு தலைமுடியின் கனம்கூட இல்லை. சாய்ந்த டிஸ்க், பிரேக் மிதிக்காதபோதும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேடை உரசும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடியபின் அங்கே கனம் மாறிவிடும். உதறல் அப்போதுதான் தொடங்கும் என்பதால், கம்பி பிரஷ் போடாத அந்தப் பத்து நிமிடத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. வீல் நட்டுகளை ஏர் கன்னால் தாறுமாறாக இறுக்கினாலும் இதே கதைதான். எதிரெதிர் நட்டாக, டார்க் ரென்ச்சில் இறுக்க வேண்டும்.

இவ்வளவு நுணுக்கம் ஏன் என்பவர்கள் ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் சாலையை நினைத்துப் பார்க்க வேண்டும். 36 கொண்டை ஊசி வளைவுகள். ஆட்களோடு 1,200 கிலோ உள்ள கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளியாகும் ஆற்றல், 40 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். கியரைக் குறைக்காமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அதில் பெரும்பங்கை முன் டிஸ்க்குகள்தான் வாங்கிக்கொள்ளும். மெலிந்த டிஸ்க்கில் அந்தச் சூட்டைத் தாங்க இரும்பு குறைவு, சீக்கிரம் கொதித்துவிடும். அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்குப் போகும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கையில் 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் குடித்துப் பழசானால் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். ஆயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டானால் பெடல் அடிவரை இறங்கும், வண்டி நிற்காது. கோடையில் குடும்பத்தோடு மலைக்குக் கிளம்புகிறவர்கள், டிஸ்க் எல்லையை நெருங்கியிருந்தால் முன்னிரண்டையும் ஜோடியாக மாற்றிவிட்டுப் போகட்டும்.

ஒர்க்‌ஷாப்புகளுக்கு என் கோரிக்கை ஒன்றே. பேடு மாற்றிய பில்லில் இடது, வலது டிஸ்க்கின் கனத்தையும் அதன் குறைந்தபட்ச அளவையும் எழுதிக் கொடுங்கள். அடுத்த முறை வண்டி வரும்போது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது எண்ணிலேயே தெரிந்துவிடும். வாடிக்கையாளர்களும் பேடு விலையில் பேரம் பேசுவதற்கு முன் அந்த எண்ணைக் கேட்க வேண்டும். அளப்பதற்கும் ஹப்பைச் சுத்தம் செய்வதற்கும் மெக்கானிக் தனிக் கூலி கேட்டால், முகம் சுளிக்காமல் கொடுங்கள்.

கட்டுரையாளர்: வாகனப் பழுதுநீக்கப் பயிற்றுநர்.