கூலியைப் பிடிக்குமுன் துவாரத்தைப் பாருங்கள்!

போட்டோ ஸ்டுடியோவில் ஒரு படம் கோடு கோடாக விழுகிறது. குற்றம் யாருடையது? "பையனுக்கு வேலை தெரியவில்லை" என்கிறார் கடைக்காரர். பாழான காகிதத்தின் விலை பையனின் கூலியில் பிடித்தமாகிறது. "யந்திரம் தீர்ந்துவிட்டது, புதிது வாங்குங்கள்" என்கிறார் விற்க வந்தவர். இரண்டு பேச்சும் பெரும்பாலும் தவறு என்று நாம் சொல்கிறோம்.

மில் தொழிலாளிக்கு இது புதிய கதையல்ல. ரிங் பிரேமில் நூல் அறுந்தால் பழி சைடர் மீது. பஞ்சு மட்டமா, உருளை தேய்ந்ததா என்று பார்ப்பார் இல்லை. ஸ்டுடியோவில் வேலை செய்கிற நம் வீட்டுப் பிள்ளைக்கும் அதே கதிதான். ஆகவே அந்த யந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

விஷயம் எளிது. மருந்தடிக்கிற மிஷினின் நாசிலில் தூசி அடைத்தால் என்ன ஆகும்? ஒரு பக்கம் மருந்து விழும், மறு பக்கம் விழாது. போட்டோ அச்சடிக்கும் இங்க்ஜெட் பிரிண்டரும் அப்படித்தான். அதன் ஹெட்டில் மயிரிழையைவிடச் சிறிய துவாரங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. எப்சன் யந்திரத்தில் மின்சாரம் பட்டதும் வளைகிற சில்லு மையைத் தள்ளுகிறது. கேனன், எச்.பி. யந்திரங்களில் ஒரு கணச் சூட்டில் எழும் குமிழி தள்ளுகிறது. இரண்டிலும் எதிரி ஒன்றே: காய்ந்த மை.

மை ஏன் காய்கிறது? வேலை முடிந்ததும் ஹெட் ஓரத்துக்குப் போய் ஒரு ரப்பர் மூடியின் மேல் உட்காரவேண்டும். யந்திரத்தின் சொந்தப் பொத்தானை அமுக்கி நிறுத்தினால் அது உட்காரும். வேலை நடக்கும்போது சுவரிலுள்ள சுவிட்சை அணைத்தாலோ, கரண்ட் போனாலோ ஹெட் நடுவழியில் திறந்தபடி நின்றுவிடும். கரண்ட் போனதற்குப் பையனா பொறுப்பு?

சரி, கோடு விழுந்துவிட்டது. முதலில் செய்யவேண்டியது என்ன? விலையுயர்ந்த போட்டோ காகிதத்தைத் தொடாதீர்கள். சாதாரணக் காகிதத்தில் 'நாசில் செக்' அடியுங்கள். படிப்படியாகச் சிறு கோடுகள் விழும். எங்கே கோடு விட்டுப்போயிருக்கிறதோ அங்கே மை வரவில்லை. எப்சன் எல்805 போன்ற யந்திரத்தில் ஆறு நிறம், ஆறையும் பார்க்கவேண்டும். வெள்ளைக் காகிதத்தில் மஞ்சள் கண்ணுக்குத் தப்பும். நீல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அது கறுப்பாகத் தெரியும்.

இடைவெளி தெரிந்தால் 'ஹெட் கிளீனிங்' ஒரு முறை, மறுபடி செக். மூன்று முறைக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு கிளீனிங்கும் நல்ல மையை உறிஞ்சிக் கழிவில் கொட்டுகிறது. பிறகு ஓர் இரவு சும்மா விட்டுக் காலையில் பாருங்கள். ஊறிய மை இளகும்.

இடைவெளி ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றால் அது அடைப்பு. இடம் மாறி மாறி வந்தால் மைக்குழாயில் காற்று இருக்கலாம், அல்லது மை சரியாக வந்து சேரவில்லை. கிளீனிங்குக்குப் பிறகு இடைவெளி கூடினால் ரப்பர் மூடியைப் பாருங்கள். அதன் விளிம்பில் மை கட்டியிருந்தால் பம்பு காற்றைத்தான் உறிஞ்சும். ஈரத் துணியால் மெல்லத் துடைத்தால் போதும். ஊசியால் ஹெட்டைக் குத்தாதீர்கள். குத்தினால் பிழைக்கக்கூடிய ஹெட்டும் செத்துவிடும்.

செக்கில் எல்லாக் கோடும் சரியாக விழுந்த பிறகே 'அலைன்மென்ட்'. இந்த வரிசை முக்கியம். தறியில் நாடா போகிறது, வருகிறது. ஹெட்டும் அப்படியே, போகும்போதும் மை துப்புகிறது, வரும்போதும் துப்புகிறது. இரண்டும் ஒரே இடத்தில் விழாவிட்டால் நேர்க்கோடு இரட்டையாகும். முகத்தின் விளிம்பு மங்கும். அலைன்மென்ட் தாளில் எண் போட்ட பல கட்டங்கள் விழும். எது ஒழுங்காக இருக்கிறதோ அந்த எண்ணைக் கொடுக்கவேண்டும். அப்படியும் கோடு தவறினால், ஹெட் ஓடும் வழியில் இருக்கிற மெல்லிய பிளாஸ்டிக் பட்டையைப் பாருங்கள். ஹெட் தன் இடத்தை அதைப் பார்த்துத்தான் அறிகிறது. அதில் மைக்கறை படிந்தால் யந்திரத்துக்கு வழி தெரியாது. பட்டையைக் கழற்றாமல் மெதுவாகத் துடைக்கவேண்டும்.

இவ்வளவும் காசில்லாத வைத்தியம். ஆனால் காசு பண்ணுவதற்கென்றே வரும் கோளாறும் உண்டு. 2016 செப்டம்பரில் என்ன நடந்தது? எச்.பி. பிரிண்டர்கள் பல, வேறு கம்பெனி மைப் பெட்டியை ஒரே நாளில் ஏற்க மறுத்தன. யந்திரம் கெடவில்லை, உள்ளேயிருந்த கட்டளை அப்படி! எதிர்ப்பு கிளம்பிய பிறகே கம்பெனி இறங்கி வந்தது. பிரான்சில் 2017-ல் ஒரு நுகர்வோர் சங்கம் பிரிண்டர் கம்பெனிகள் மீது புகார் கொடுத்தது. யந்திரத்தைத் திட்டமிட்டு முதிரவைக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு.

கழிவு மைப் பஞ்சின் விஷயமும் இதுதான். கிளீனிங்கில் உறிஞ்சிய மை இந்தப் பஞ்சில் சேர்கிறது. பஞ்சு நிறைந்தால் மை வழியும் என்பது உண்மை. அதற்காக யந்திரம் கணக்கு வைத்து நின்றுகொள்வதில் தவறில்லை. ஆனால் ஒரு துண்டுப் பஞ்சை மாற்றிக் கணக்கைத் திருப்பிவைக்கும் வழியை, யந்திரத்தைக் காசு கொடுத்து வாங்கியவனுக்கே மறைப்பது என்ன நியாயம்?

டிராக்டருக்கும் மோட்டாருக்கும் இதே கேள்விதான். இந்திய அரசு 2022-ல் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் திறந்தது. விவசாயக் கருவிகளும் அதில் சேர்ந்தன. நல்லது. ஆனால் விளம்பரப் பலகை ரிப்பேர் செய்யாது. உதிரி பாகமும், ரிப்பேர் புத்தகமும், ஊர் மெக்கானிக்கின் கைக்கு வரவேண்டும்.

அதுவரை ஸ்டுடியோத் தொழிலாளருக்கு நாம் சொல்வது இது: தினமும் காலையில் ஒரு நாசில் செக் அடியுங்கள், தேதி போட்டு வையுங்கள். கூலியில் கை வைக்க யார் வந்தாலும் அந்தத் தாளை முன்னே வையுங்கள். கெட்டது கையா, துவாரமா என்பதை அது சொல்லும்!